மாரியில் மாட்டுக் கொட்டிலுக்கு எந்தச் சப்பாத்து?

உரும்பிராயில் ஆறு மாடுகளோடு பண்ணை தொடங்கியிருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "போன மாரியில் மட்டும் இரண்டு சோடி கம்பூட்ஸ் கிழிந்துவிட்டது. அதிகம் பராமரிக்கத் தேவையில்லாத, நீண்ட காலம் உழைக்கிற சப்பாத்து எது? தோல் சப்பாத்து வாங்கலாமா? மார்கழியில் அண்ணா கனடாவிலிருந்து வருகிறார், அங்கிருந்து கொண்டுவரச் சொல்லலாமா? அம்மாவுக்குச் சீனி வருத்தம். ஆனாலும் வெறுங்காலோடுதான் கொட்டிலுக்குள் போகிறார். அவருக்கும் ஒன்று வேண்டும்."

தம்பி, கிழிந்த அந்த இரண்டு சோடியையும் எறிந்துவிட்டீர்களா? எறியாவிட்டால், புதியது வாங்கப் போகுமுன் அவற்றைக் கழுவி வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். எங்கே கிழிந்திருக்கிறது என்பதே அடுத்ததாக எதை வாங்கவேண்டும் என்று சொல்லிவிடும். நடக்கும்போது விரல்கள் மடிகிற இடத்தில் குறுக்காக வெடித்திருந்தால் அது வெயிலில் காய்ந்து விறைத்துப்போன பிளாஸ்ரிக். அடிப்பாகம் கழன்று வந்திருந்தால் அது ஒட்டிச் செய்த சப்பாத்து. பசை ஊறி இளகியிருக்கிறது. கணுக்காலுக்கு மேலே கத்தியால் கீறியதுபோலப் பிளந்திருந்தால் சப்பாத்தில் குற்றமில்லை. கொட்டிலைச் சுற்றிக் கிடக்கும் கருக்குமட்டைகளை அப்புறப்படுத்துங்கள். நான் நீர்வேலியில் இருபத்தெட்டு வருடமாக மாடு வளர்க்கிறேன். என்னிடம் பழுதாய்ப்போன சப்பாத்துகளில் பெரும்பாலானவை முதல் வகைதான்.

மாரியில் கிழிவதால் மழையின் மேல் பழியைப் போடுகிறோம். உண்மையில் கொட்டிலில் சப்பாத்தைத் தின்பவை மூத்திரமும் வெயிலும். ஒரு கறவை மாடு ஒரு நாளைக்குப் பத்து லீற்றருக்கும் மேல் மூத்திரம் பெய்யும். அதில் யூரியா இருக்கிறது. சாணத்தில் அந்த யூரியாவை உடைக்கிற நொதியம் இருக்கிறது. இரண்டும் தரையில் கலந்த உடனே அமோனியா பிறக்கத் தொடங்கும். விடியற்காலையில் கொட்டிலுக்குள் நுழையும்போது கண்ணைக் கரிக்கிறதே, அதுதான். கோடையில் தரை காய்ந்துவிடுவதால் சப்பாத்து தப்பிவிடும். ஐப்பசியில் வாடை தொடங்கி மழை பிடித்தபின் தரை காய்வதே இல்லை. சப்பாத்து காலையும் மாலையும் அந்தக் கரைசலில் நிற்கிறது. பிறகு நாங்களே அதைக் கழுவிக் காயட்டும் என்று தகரக் கூரையிலோ மதிலிலோ கவிழ்த்து வைக்கிறோம். பகலில் மேகம் விலகி அரை மணி நேரம் எரிக்கிற வெயில் மிச்சத்தை முடித்துவிடும்.

தோல் சப்பாத்து வேண்டவே வேண்டாம். நானும் ஒருமுறை ஆசைப்பட்டு, யாழ்ப்பாண நகரத்துக் கடையொன்றில் கனமான தோல் சப்பாத்து ஒன்றை வாங்கினேன். விற்றவர் பத்து வருடம் உழைக்கும் என்றார். கார்த்திகைத் தொடக்கத்தில் போட்டேன், மார்கழித் திருவெம்பாவை முடியுமுன் வலது கால் அடிப்பாகம் முதலை வாயைப் போலத் திறந்துகொண்டது. பதனிட்ட தோல் அமோனியாவின் காரத்தையும், நாள்தோறும் நனைந்து காய்வதையும் சேர்த்துத் தாங்காது. தைத்த நூலின் ஒவ்வொரு துளையும் ஒரு வாசல். அதன் வழியே மூத்திரம் உள்ளே போகும், போனது வெளியே வராது. ஈரமான தோலில் மூன்றே நாளில் பூஞ்சணம் பிடிக்கும். அதைக் காப்பாற்ற எண்ணெய், மெழுகு என்று தினமும் உட்காரவேண்டும். நீங்கள் கேட்டதோ பராமரிப்பு வேண்டாத சப்பாத்து. கோடையில் வேலி அடைப்பதற்கும் வைக்கோல் ஏற்றுவதற்கும் தோல் சப்பாத்து அருமையானது. கொட்டிலுக்குள் தையலும் ஒட்டும் இல்லாமல், ஒரே வார்ப்பில் வந்த சப்பாத்துத்தான் நிலைக்கும்.

அப்படி வார்த்துச் செய்பவை எங்களுக்குக் கிடைப்பது மூன்று நான்கு வகை. கடைகளில் அதிகம் தொங்குவது பி.வி.சி. என்ற பிளாஸ்ரிக். விலை குறைவு. சாணம், மூத்திரம், பால் கொழுப்பு எதையும் ஓரளவு தாங்கும். அதன் பலவீனம், அதை மென்மையாக்கச் சேர்க்கிற எண்ணெய்போன்ற பொருள் வெப்பத்தில் மெல்ல மெல்ல வெளியேறிவிடுவது. அது போனபின் எஞ்சுவது விறைத்த பிளாஸ்ரிக், விரல் மடிகிற இடத்தில் வெடிக்கும். நைத்திரைல் என்ற செயற்கை றப்பர் கலந்து செய்த பி.வி.சி. இதைவிட நீண்ட காலம் மென்மையாக இருக்கும், எண்ணெய்க்கும் கொழுப்புக்கும் அசையாது. ஆனால் விலை கூட.

இயற்கை றப்பர் சப்பாத்தின் சுகமே வேறு. காலோடு சேர்ந்து வளையும், ஈரத்தில் நல்ல பிடி கொடுக்கும். 1839 இல் சார்ள்ஸ் குட்இயர் றப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் முறையைக் கண்டார். அந்த உரிமையைப் பெற்ற ஹைரம் ஹட்சின்சன் 1853 இல் பிரான்ஸில் தொழிற்சாலை தொடங்கி றப்பர் சப்பாத்துச் செய்தபோது அவற்றை வாங்கியவர்கள் அதுவரை மரக்கட்டைச் செருப்போடு சேற்றில் நின்ற விவசாயிகள். எங்கள் தீவின் ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு 1876 இலேயே றப்பர்க் கன்று வந்துவிட்டது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் எங்கள் விவசாயி பலர் வெறுங்காலோடு நிற்பது எனக்கு மனவருத்தம். சரி, றப்பருக்கு வருவோம். எண்ணெயும் கொழுப்பும் அதற்குப் பகை, வெயிலும் அப்படியே. பால் கறக்கும்போது கையில் தடவுகிற எண்ணெய் சொட்டினால் உடனே துடைத்துவிடுங்கள். பளபளப்பு வரட்டும் என்று தேங்காயெண்ணெய் பூசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது றப்பரை ஊதவைத்து இளக்கிவிடும். புதிய றப்பர் சப்பாத்தில் சாம்பல் பூத்ததுபோல வெண்மை தெரிந்தால் பயப்படவேண்டாம், உள்ளே சேர்த்த மெழுகும் கந்தகமும் மேலே வருகிறது, துணியால் துடைத்தால் போய்விடும்.

மூன்றாவது, பொலியூரித்தேன். உள்ளே நுண்ணிய காற்றுக் குமிழிகள் இருப்பதால் பாரம் குறைவு. வெளிநாட்டுப் பால் பண்ணைகளில் நாள் முழுவதும் நிற்கிறவர்கள் விரும்புவது இதைத்தான். எங்கள் ஊர்க் கடைகளில் அரிது. இதில் ஒரு விடயம் கவனிக்கவேண்டும்: சில வகைப் பொலியூரித்தேன் புழுக்கமும் சூடும் உள்ள இடத்தில் சும்மா பெட்டிக்குள் கிடந்தாலே நீரை உறிஞ்சிச் சிதையும். மூன்று வருடம் கழித்து எடுத்துப் போட்டால் அடிப்பாகம் பிஸ்கட்டைப்போல உதிரும். ஆகவே "நல்லதாக ஒன்றைப் பத்திரமாக வைத்திருப்போம்" என்று இதை வாங்கிவைக்கக் கூடாது. வாங்கினால் போடவேண்டும். சப்பாத்தின் அடியில் அல்லது பக்கத்தில் சிறிய வட்டத்துக்குள் அம்புக்குறியோடு மாதமும் வருடமும் வார்க்கப்பட்டிருக்கும். வாங்குமுன் அதைப் பாருங்கள். நுரைபோல மிக இலேசாக இருக்கும் ஈ.வி.ஏ. வகையைக் கிணற்றடிக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஒரு முட்கிளுவை முள்ளே அதைத் துளைத்துவிடும்.

உங்கள் கொட்டில் சீமெந்துத் தரை என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்: நைத்திரைல் கலந்த பி.வி.சி. கிடைத்தால் அதை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் மென்மையான சாதாரண பி.வி.சி.யில் இரண்டு சோடி வாங்கி, ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றிப் போடுங்கள். ஒரே சோடியை நாள்தோறும் போடுவதைவிட, மாற்றிப் போடுகிற இரண்டு சோடி இரண்டு மடங்குக்கும் மேலாக உழைத்ததை என் வீட்டில் கண்டிருக்கிறேன். உள்ளே முழுதாகக் காய்வதற்கு ஒரு பகல் போதாது என்பதுதான் காரணம். வயலுக்கும் புல் அறுக்கவும் அதே சப்பாத்தோடு போகிறவராக இருந்தால் மட்டும் றப்பரை நினையுங்கள்.

கடையில் எப்படிப் பார்ப்பது? மேற்பகுதியைப் பிடித்து இரண்டாக மடியுங்கள். மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்தால் வையுங்கள், வேண்டாம். விட்டதும் சட்டென்று நிமிர்ந்தால் நல்லது. பிறகு உள்ளே கையை விட்டு, குதியிலிருந்து விரல்வரை தடவுங்கள். தடிப்பு ஒரே சீராக இருக்கவேண்டும். விரல் மடிகிற இடத்தில் மெலிந்திருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன், வெடிக்கப்போவது அங்கேதான். அடிப்பாகத்தில் ஒரு பல்லைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். சற்றே அமுங்கி மீளவேண்டும். கல்லைப்போல இருந்தால் ஈரச் சீமெந்தில் வழுக்கும்.

இந்த வழுக்கல்தான் நான் அதிகம் கவலைப்படுகிற விடயம். ஆழமான, பெரிய பற்கள் உள்ள சப்பாத்து எங்கும் வழுக்காது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மண்தரையில் அது சரி. கோப்பாய், உரும்பிராய்ச் செம்மண் மழையில் அடையடையாக ஒட்டும்; பற்களுக்கு இடையே அகலமான இடைவெளி இருந்தால் நடக்க நடக்கத் தானாகக் கழன்று விழும், நெருக்கமான பற்களில் அப்பிக்கொண்டு அடிப்பாகமே வழவழப்பாகிவிடும். சீமெந்துத் தரையில் கதை வேறு. அங்கே பெரிய பற்களின் நுனி மட்டும்தான் தரையில் படுகிறது. தொடுகிற பரப்பு குறைவு. மேலே சாணக் கஞ்சி. வழுக்கி விழுவதற்கு இதைவிட வேறு வேண்டாம். சீமெந்துக்கு மென்மையான, தட்டையான, குறுக்கு வாய்க்கால்கள் வெட்டிய அடிப்பாகம் நல்லது. பால் வாளியோடு ஒருமுறை விழுந்து எனக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் என் மனைவி தனியே கறந்தார். அதற்குப் பிறகுதான் நான் சப்பாத்தைப் புரட்டி அடியைப் பார்க்கப் பழகினேன்.

விரல் பகுதியில் இரும்புக் கவசம் வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். ஜேர்சிக் கலப்பு மாடு முந்நூறு, நானூறு கிலோ இருக்கும். அது ஒரு காலை உங்கள் கால்மேல் வைத்தால் நூறு கிலோ இறங்குகிறது, துள்ளினால் இன்னும் அதிகம். ஐரோப்பியத் தரப்படி செய்த கவசம் 200 யூல் அடியைத் தாங்கவேண்டும். 20 கிலோ எடையை ஒரு மீற்றர் உயரத்திலிருந்து போடுவதற்கு ஏறத்தாழச் சமம். ஆகவே விரல்கள் தப்பும். ஆனால் கவசம் விரலோடு முடிந்துவிடுகிறது, பாதத்தின் மேற்புறத்தை மாடு மிதித்தால் அது உதவாது. சினைப்பசு, முரட்டுக் காளை இருந்தால் கவசம் உள்ளதை வாங்குங்கள். ஆடும் இரண்டு சாதுவான பசுவும் மட்டும் உள்ள வீட்டுக்கு அந்தப் பாரம் தேவையில்லை. அதைவிட முக்கியம் அடியில் ஆணி ஏறாத தகடு. 2008 கார்த்திகையில் நிஷா புயல் அடித்து ஓய்ந்தபின் எங்கள் வளவு முழுவதும் பறந்து விழுந்த தகரமும் ஆணியும். வெள்ளம் வடியுமுன் மாட்டை அவிழ்க்க ஓடியவர்களுக்கு ஆணி ஏறியது. ஏற்புவலித் தடுப்பூசி போட வரிசையில் நின்றார்கள். ஐரோப்பியச் சப்பாத்தில் எஸ்5 என்று பொறித்திருந்தால் விரற்கவசமும் அடித்தகடும் இரண்டும் உண்டு; எஸ்4 என்றால் அடித்தகடு இல்லை.

இப்போது உங்கள் அண்ணாவின் பொதி. அவர் அன்போடு குளிர்காலச் சப்பாத்தைக் கொண்டுவந்துவிடுவார், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உள்ளே கம்பளியோ தடித்த நுரையோ வைத்த சப்பாத்து பனியில் நிற்பதற்காகச் செய்தது. எங்கள் மாரியில் கால் வியர்த்து, அந்தப் பஞ்சு ஊறி, தை மாதம் வரை காயாது. விரல் இடுக்கில் சேற்றுப்புண் வந்துவிடும். உள்ளே மெல்லிய துணி மட்டும் ஒட்டிய, முழங்காலுக்குச் சற்றுக் கீழே வருகிற, பொலியூரித்தேன் அல்லது நைத்திரைல் கலந்த விவசாயச் சப்பாத்து என்று கேட்கச் சொல்லுங்கள். கனடாவில் பச்சை முக்கோண முத்திரை இருந்தால் விரற்கவசமும் ஆணி ஏறாத அடியும் உண்டென்று பொருள். உங்கள் பாதத்தைக் கடதாசியில் வைத்துக் கோடு போட்டு, படம் எடுத்து அனுப்புங்கள். அளவெண் நாட்டுக்கு நாடு மாறும், கோடு மாறாது. வேறு சோடி ஒன்றை இங்கேயே வாங்கிக்கொண்டு, அதை அண்ணாவின் சோடியோடு மாற்றி மாற்றிப் போடுங்கள்.

பராமரிப்பு என்று நான் செய்வது மிகக் கொஞ்சம். கொட்டில் வாசலில் ஒரு வாளி தண்ணீரும் தும்புத்தடியும் இருக்கும். வெளியே வரும்போது நின்றபடியே தேய்த்துக் கழுவிவிடுவேன், ஒரு நிமிடம். மண்ணெண்ணெய், பெற்றோல், புளீச்சிங் எதுவும் வேண்டாம். எப்போதாவது கொஞ்சம் சவர்க்காரம். பிறகு தாழ்வாரத்தில், நிழலில், இரண்டு கம்பு நட்டு அவற்றில் தலைகீழாக மாட்டிவிடுவேன். காற்றும் போகும், உள்ளே எதுவும் குடியேறாது. குடியேறுவது என்றால் தவளை மட்டுமல்ல. ஒரு மார்கழி விடியலில், கம்பில் மாட்ட மறந்து நிமிர்த்தி வைத்த சப்பாத்தை எடுத்துத் தட்டினேன். முதலில் ஒரு தவளை விழுந்தது. இன்னொருமுறை தட்டியபோது என் கையளவு நீளமான மட்டைத்தேள் ஒன்று விழுந்து, அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் வைக்கோலுக்குள் ஓடியது. அன்றிலிருந்து தட்டாமல் காலை விட்டதில்லை. சுருட்டை விரியன் எங்கள் பக்கத்தில் குறைவில்லை என்பதை நினைவில் வையுங்கள். புல்லுக்குள் போகும்போது முழங்கால்வரை வரும் சப்பாத்தைப் போடச் சொல்வதும் அதற்காகத்தான்.

கால்சட்டை சப்பாத்துக்கு வெளியே விழவேண்டும், உள்ளே செருகினால் மழைநீர் வழிந்து உள்ளே நிரம்பும். பருத்திக் காலுறை போடுங்கள், பின்னேரம் வேறொன்று.

சிறிய ஓட்டை விழுந்தால் எறியவேண்டாம். சைக்கிள் ரியூப்பில் ஓட்டை பார்ப்பதுபோலவே பாருங்கள்: சப்பாத்தின் வாயைச் சுருட்டிக் காற்றை அடைத்து, தொட்டித் தண்ணீருக்குள் அமிழ்த்தினால் குமிழி வரும் இடம் தெரியும். றப்பர் என்றால் எந்தச் சைக்கிள் கடையிலும் சுரண்டி, சொலூசன் பூசி, ஒட்டுப் போட்டுத் தருவார்கள், வருடக்கணக்கில் நிற்கும். பி.வி.சி.யில் அந்த ஒட்டு இரண்டே நாளில் உரியும். அதற்குப் பி.வி.சி. ஒட்டும் பசையும் அதே பிளாஸ்ரிக் துண்டும் வேண்டும். விரல் மடிகிற இடத்து வெடிப்புக்கு எதுவும் நிற்காது, அதைக் கணுக்காலோடு வெட்டிக் கிணற்றடிக்குச் செருப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, உங்கள் சப்பாத்து உங்கள் கொட்டிலுக்கு மட்டும் இருக்கட்டும். மாட்டின் காலிலும் வாயிலும் புண் வருகிற கால்-வாய் நோய் சப்பாத்துச் சேற்றோடு வீட்டுக்கு வீடு போகும். அயலில் நோய் என்று கேள்விப்பட்டால் சேற்றை நன்றாகக் கழுவியபின், ஒரு லீற்றர் தண்ணீருக்கு 40 கிராம் சலவைச் சோடா கரைத்து அதில் மிதித்துவிட்டு உள்ளே போங்கள். முதலில் கழுவாமல் சோடாவில் மிதித்துப் பயனில்லை.

அம்மாவைப் பற்றி எழுதாமல் இதை முடிக்க எனக்கு மனம் வராது. என் தாயாரும் வெறுங்காலோடுதான் போவார். கேட்டால், "லட்சுமி நிற்கிற இடத்துக்குச் செருப்போடு போவதா?" என்பார். அந்த மரியாதை பெரியது, அதோடு வாதாடி வெல்லமுடியாது. நான் செய்தது, கொட்டிலுக்கென்றே புதிய சோடி வாங்கி, அது கொட்டிலைத் தவிர வேறெங்கும் போகாத சப்பாத்து என்று சொல்லி வாசலில் மாட்டினேன். பட்டிப்பொங்கலன்று அதைக் கழற்றி வைத்துவிட்டு, கழுவிக் கோலமிட்ட தரையில் வெறுங்காலோடு பொங்கினார். மற்ற நாட்களில் போட்டார்.

2024 டிசம்பரில் வடமராட்சிப் பக்கம் காய்ச்சலால் பலர் அடுத்தடுத்து இறந்ததும், ஆய்வில் அது எலிக்காய்ச்சல் என்று தெரியவந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கிருமி எலியின் மூத்திரத்தில் மட்டுமல்ல, மாட்டின் மூத்திரத்திலும் வரும். காலில் உள்ள சிறு கீறலும் ஊறிப்போன தோலும் அதற்குப் போதும். சீனி வருத்தம் உள்ளவர்களை மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும், மெலியோயிடோசிஸ் என்ற நோயைத் தருகிற கிருமியும் அதிகம் தாக்கும். ஆகவே மாரி தொடங்குமுன் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அம்மாவைக் கூட்டிச்சென்று, கொட்டில் வேலை செய்கிறவர் என்று சொல்லித் தடுப்பு மருந்து பற்றிக் கேளுங்கள். மழைக்காலத்தில் காய்ச்சலும் தசை நோவும் வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்காமல் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

பெண்களின் அளவில் கம்பூட்ஸ் கிடைப்பது கடினம். சிறுவர்களுக்கானதில் பெரிய அளவைக் கேட்டுப் பாருங்கள். பெரிய சப்பாத்துக்குள் கால் உருளும், உருளும் கால் கொப்பளிக்கும், சீனி வருத்தத்தால் கால் மரத்தவருக்கு அந்தக் கொப்பளம் தெரியாது. இரும்புக் கவசம் உள்ளது அவருக்கு வேண்டாம், விரலை அழுத்தினாலும் உணராமல் போகலாம். உட்புறம் வெள்ளையாக இருப்பதை எடுங்கள். இரத்தக் கறை இருந்தால் உடனே கண்ணில் படும். வெள்ளைக் காலுறையும் அதற்காகவே. கடைக்குப் பின்னேரத்தில் கூட்டிச்செல்லுங்கள், அப்போதுதான் கால் சற்று வீங்கி உண்மையான அளவில் இருக்கும். காலுறை போட்டபடி அணிந்து பார்க்கட்டும், பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் இடம் இருக்கவேண்டும். வீட்டில், ஒவ்வொரு விடியலிலும் அவர் காலை விடுமுன் சப்பாத்தைத் தட்டி, உள்ளே கையை விட்டு ஒரு சிறு கல்லும் இல்லை என்று நீங்கள் பார்த்துக் கொடுங்கள். புரட்டாதியில் வாங்கிவிடுங்கள், ஐப்பசி மழை தொடங்கினால் சின்ன அளவுகள் முதலில் முடிந்துவிடும்.